ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பதுவரை நிற்க வேண்டும். பள்ளி நாட்களில் யோகாவில் பரிசு வாங்கியவர். சக்ராசனமெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. கர்ப்பமாக இருந்தபோது இடுப்பில் தொடங்கிய வலி, மகளுக்கு எட்டு வயதாகியும் போகவில்லை. இப்போது தோள், முழங்கால், கணுக்கால், விரல் என்று பரவிவிட்டது. மேல் தட்டிலிருந்து புடவைக் கட்டுகளை இறக்கும்போது தோள் நழுவி மறுபடி உட்காருவது போலிருக்கிறது. சமதரையில் நடக்கும்போதே கால் பிசகுகிறது. காலையில் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. எக்ஸ்ரே, ஆர்.ஏ. ஃபேக்டர், யூரிக் ஆசிட், தைராய்டு எல்லாம் நார்மல். ஒரு மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொருவர், "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். கணவர், "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லையே, அப்புறம் என்ன வலி?" என்கிறார். மாமியார் மாதம் இருமுறை சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப்போகிறார். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழைய கதை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை ஒன்றரை வருடமாகத் தினமும் ஓடுகிறது.

அவருடைய கேள்விகள் இவை. யோகாவை விட்டதால்தான் இப்படி ஆயிற்றா, மறுபடி தொடங்கட்டுமா? வேலையை விட்டுவிடலாமா? கடைசியில் படுத்த படுக்கையாகிவிடுவேனா? என்னைப் போலவே வளையும் மகளை யோகா வகுப்பில் சேர்க்கலாமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எடுத்த பரிசோதனைகள் முடக்குவாதம், யூரிக் ஆசிட், எலும்புத் தேய்மானம் போன்றவற்றைத் தேடும் பரிசோதனைகள். அவை இல்லை என்று தெரிந்திருக்கிறது, நல்லது. மூட்டைச் சுற்றி எலும்புகளைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்வாக இருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டாது. அசையாமல் நிறுத்தி எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயும் காட்டாது. தொட்டு, மடக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்களை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது சரியில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது மூட்டுத் தளர்வு, அதாவது ஹைப்பர்மொபிலிட்டி, என்கிற திசையைத்தான் காட்டுகிறது. இதை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது பெய்ட்டன் மதிப்பெண். மொத்தம் ஒன்பது. சுண்டுவிரல் பின்பக்கமாக 90 பாகைக்கு மேல் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் 10 பாகைக்கு மேல் போகின்றனவா? இந்த நான்கையும் இரண்டு பக்கமும் பார்த்தால் எட்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கை முழுதும் தரையில் பதிந்தால் இன்னொன்று. உங்கள் வயதில் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் பொதுவான தளர்வு என்று கொள்வோம். வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், மெதுவாக. வலிக்கும் மூட்டை மதிப்பெண்ணுக்காக இழுத்துப் பார்க்க வேண்டாம்.

மதிப்பெண் அதிகம் என்பதே நோய் ஆகாது. நம்மூரில் இப்படி வளைகிறவர்கள் நிறைய. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. தளர்வும் இருந்து, வலி, பிசகல், நழுவல் என்று அவதியும் சேர்ந்தால்தான் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். அதிலும் இரண்டு பிரிவு உண்டு. தோல், குடலிறக்கம், குடும்ப வரலாறு போன்ற வேறு அடையாளங்களும் 2017இல் வகுத்த விதிகளின்படி பொருந்தினால் ஹைப்பர்மொபைல் வகை எலர்ஸ்–டான்லோஸ் என்பார்கள்; உடம்பைப் பிணைத்துவைக்கும் திசுக்களில் பிறப்பிலேயே வரும் கோளாறு அது. பொருந்தாவிட்டால் ஹைப்பர்மொபிலிட்டி கோளாறு. இந்தப் பெயர்களை இணையத்தில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் அன்றாட வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

மரபணுப் பரிசோதனை செய்தால் உறுதியாகிவிடும் என்று யாராவது சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் யோசியுங்கள். ஹைப்பர்மொபைல் வகைக்குக் காரணமான மரபணு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. எலர்ஸ்–டான்லோஸில் இரத்தக்குழாய்களைப் பாதிக்கும் அரிய வகையோ, அதே போன்ற இன்னொரு மரபணுக் கோளாறான மார்ஃபான் நோயோ இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. உங்கள் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனி கிழிந்தது என்று சொல்லப்பட்டிருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

யோகாவும் சுளுக்கு எடுப்பதும்

நீங்கள் யோகாவை விட்டதால் வலி வரவில்லை. உங்கள் தசைநார்கள் பிறப்பிலேயே அதிகம் நீளக்கூடியவை. சின்ன வயதில் ஓடியாடித் திரிந்ததில் தசைகள் வலுவாக இருந்தன. அவை மூட்டைப் பிடித்துக்கொண்டன. கர்ப்பகாலத்தில் ஹார்மோன்கள் இடுப்பு இணைப்புகளை மேலும் தளர்த்தின. பிரசவத்துக்குப் பிறகு குழந்தை, வீடு, கடை என்று ஆனதில் தசைகளைப் பழையபடி வலுப்படுத்த உங்களுக்கு நேரமே கிடைத்திருக்காது. இது என் ஊகம், ஆனால் இந்த வரிசையை அடிக்கடி பார்க்கிறேன். மாதவிலக்கு நாட்களில் வலி கூடுவதாகப் பல பெண்கள் சொல்வார்கள். உங்களுக்கும் அப்படியா என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

புதுச்சேரியில் ஆண்டுதோறும் ஜனவரியில் யோகத் திருவிழா நடக்கிறது. மேடையில் உடம்பை வில்லாக வளைக்கிற பிள்ளைக்குத்தான் கைதட்டல் அதிகம். நானும் தட்டியிருக்கிறேன், என்ன செய்வது! வளைவதையே ஆரோக்கியம் என்று நாம் எல்லோரும் நம்பிவிட்டோம். உங்களுக்கு வளையப் பயிற்சி தேவையில்லை, அது ஏற்கெனவே கூடுதலாகவே இருக்கிறது. அதனால் சக்ராசனம், அனுமனாசனம் போல மூட்டை எல்லைவரை கொண்டுபோகும் ஆசனங்கள் இப்போது வேண்டாம். மூச்சுப் பயிற்சி, சவாசனம், சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலைப் பின்னால் பூட்டாமல் செய்யும் விருட்சாசனம் எல்லாம் செய்யலாம். யோகா ஆசிரியரிடம், "என்னை மேலே அழுத்தி வளைக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சுளுக்கு எடுப்பவரிடம் போய்வந்தால் இரண்டு நாள் சுகமாக இருப்பது பொய்யில்லை. தளர்ந்த மூட்டைக் காபந்து செய்யச் சுற்றியுள்ள தசைகள் நாள் முழுக்க விறைத்துப் பிடிக்கின்றன. எண்ணெய் போட்டு நீவினால் அந்த விறைப்பு இளகும். பிரச்சினை அடுத்த கட்டத்தில், கையைச் சட்டென்று இழுத்துச் சொடக்கு எடுக்கும்போது வருகிறது. தளர்ந்த கயிற்றுக்கட்டிலை இழுத்து ஆட்டினால் இறுகுமா? கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பது இன்னும் மோசம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் காயப்பட்டுப் பக்கவாதம் வரை போன சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் அக்கறையில்தான் அழைத்துப்போகிறார். "எண்ணெய் தேய்த்து நீவுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இழுக்க மட்டும் வேண்டாம்" என்று சொன்னால் அவர் மனமும் நோகாது. பொட்டலத்தில் பெயரில்லாத பொடி எதையாவது கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

உடம்பைத் தாங்கப் பழக்குவது

தளர்ந்த தசைநாரை இறுக்க மாத்திரை கிடையாது. கடையில் விற்கும் கொலாஜன் பொடியும் இறுக்காது. கொலாஜன் என்பது தசைநாரை உருவாக்கும் புரதம்; உங்கள் உடல் அதை உருவாக்கும் விதத்தை வாயில் போடும் பொடி மாற்றாது. நம் கையில் இருப்பது தசை. அதை வலுவாக்கினால் மூட்டு நழுவுவது குறையும். நழுவுவது குறைந்தால் வலியும் மெல்லக் குறையும்.

முதல் பாடம் நிற்பது. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பாருங்கள். உங்கள் முழங்கால் பின்னால் வளைந்து, வயிறு முன்னால் தள்ளி, ஒரு பக்க இடுப்பில் சாய்ந்து நிற்பீர்கள். தசைக்கு வேலை கொடுக்காமல் தசைநாரில் தொங்கிக்கொண்டு நிற்பது இது. கடையில் பத்து மணி நேரம் இப்படி நின்றால் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? முழங்காலை ஒரு விரல் அளவு மட்டும் தளர்த்தி, இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்து நில்லுங்கள். முதலில் விசித்திரமாக, முழங்காலை மடக்கியே நிற்பது போலத் தோன்றும். உங்களைப் போன்றவர்களுக்கு மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு சற்று மந்தம். அதனால்தான் சமதரையிலும் கால் பிசகுகிறது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் அந்த உணர்வைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

பயிற்சிகள் எளியவை. தோளுக்கு, முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்கி, முஷ்டியைச் சுவரில் ஐந்து எண்ணும்வரை அழுத்துங்கள். மூட்டு அசையக் கூடாது, தசை மட்டும் இறுக வேண்டும். இடுப்புக்கு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் புட்டத்தைத் தூக்கி இறக்குங்கள். காலுக்கு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருங்கள். கணுக்காலுக்கு, சுவரருகே ஒற்றைக் காலில் நில்லுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து தடவையில் தொடங்கினால் போதும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு, "பிசியோதெரபி எனக்கு ஒத்துக்கலை" என்று வருகிறவர்கள் என்னிடம் நிறைய.

"செய்தால் வலிக்கிறதே" என்பீர்கள். மறுநாள் தசையில் வரும் நோவு சகஜம். ஓரிரு நாளில் அடங்கிவிட்டால் தொடரலாம். அதற்கு மேல் நீடித்தால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எட்டு வருடம் வலித்த உடம்பில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடும்; சின்ன அசைவைக்கூடப் பெரிய ஆபத்தாக மூளைக்குச் சொல்லும். வலி கூடுகிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பயந்து படுத்துவிட்டால் தசை இன்னும் மெலியும், வலி இன்னும் கூடும்.

இதற்கு நேரெதிரான தப்பு ஒன்றும் உண்டு, அதைக் கடிதத்தின் நடுவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வார விடுமுறையில் வலி சற்றுக் குறைந்தால் அன்றே துணி துவைத்து, ஒட்டடை அடித்து, மாவு அரைத்து, மறு இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் கிடப்பது. வேலையை வாரம் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். வலி வந்து நிறுத்துவதற்கு முன்பே, கடிகாரம் பார்த்து நிறுத்தி ஐந்து நிமிடம் உட்காருங்கள். குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைத்துத் தூக்காதீர்கள். இரண்டு சின்ன வாளியில் பிரித்துக்கொள்ளுங்கள், கணவரும் ஒரு கை பிடிக்கட்டும். தூங்கும்போது கையைத் தலைக்கு மேல் போடாமல், ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுங்கள்.

மாத்திரை டப்பா

இதைத்தான் நான் அவசரம் என்று நினைக்கிறேன். நீங்கள் பெயர் எழுதிய மாத்திரை அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்தது. ஒன்றரை வருடம் தினமும் என்பது அதிகம். வயிற்றில் புண், இரத்தக்கசிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் இதில் வரலாம். கடலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல், கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கும் கடைப் பெண்களுக்குச் சிறுநீரக ஆபத்து இன்னும் கூடுதல். தலைவலி என்று மேலே டோலோவும் போடுகிறீர்கள், அதிலும் பாரசிட்டமால்தான். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. இந்த வாரமே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், கல்லீரல் பரிசோதனை மூன்றும் எடுத்துவிடுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவர் உங்களுக்கு அமிட்ரிப்டிலின் அல்லது டுலாக்செட்டின் எழுதிக் கொடுக்கக்கூடும். இணையத்தில் தேடினால் மனச்சோர்வுக்கான மருந்து என்று வரும், உடனே "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்க" என்று கோபம் வரும். நரம்பின் கூர்மையைக் குறைக்கவும் அதே மருந்துகள் தருவது வழக்கம். எல்லோருக்கும் வேலை செய்யாது. வாய் உலர்வது, தூக்கக் கலக்கம் போன்ற தொந்தரவுகள் உண்டு. பலனில்லாவிட்டால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாக நிறுத்தலாம், நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டிரமடால் போன்ற, விட முடியாமல் பழக்கமாகிவிடக்கூடிய வலி மாத்திரைகளுக்குப் பழகிவிடாதீர்கள்.

தலைச்சுற்றலைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதல் சந்தேகம் இரத்தசோகை. அது இல்லையென்றால், பத்து நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். எழுந்து நின்று, அடுத்த பத்து நிமிடத்துக்குள் எண்ணுங்கள். துணைக்கு யாராவது பக்கத்தில் இருக்கட்டும். இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே துடிப்பு மட்டும் 30க்கு மேல் கூடி அப்படியே நின்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டுத் தளர்வு உள்ளவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். தண்ணீர், உப்பிட்ட மோர், காலையில் நீராகாரம், படுக்கையிலிருந்து கட்டம் கட்டமாக எழுவது ஆகியவையே பலருக்குப் போதும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. அதற்கும் அந்த கிரியாட்டினின் ரிப்போர்ட் வேண்டும்.

வேலையை விடுவதா?

அவசரப்பட்டு விடாதீர்கள். சம்பளம் நின்ற கவலையில் வலி கூடுகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதலில் வேலை செய்கிற விதத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். மேல் தட்டுப் புடவையை விரல் நுனியால் இழுத்து இறக்குவதுதான் உங்கள் தோளையும் கட்டைவிரலையும் கெடுக்கிறது. ஸ்டூலில் ஏறி, புடவைக் கட்டினை மார்போடு அணைத்து, இரண்டு முன்கையிலும் ஏந்தி இறக்குங்கள். பில் எழுதத் தடிமனான பேனா. காலுக்குத் தட்டையான ரப்பர் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டை வைத்தது வாங்குங்கள்.

அடுத்தது உட்காருவது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தருவது கடை முதலாளியின் கடமை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவதற்கு நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. எடுத்தவுடன் சட்டம் பேசினால் மேலாளர் முறைத்துக்கொள்வார் என்ற பயம் நியாயம்தான். மருத்துவரிடம், "நீண்ட நேரம் தொடர்ந்து நிற்கக் கூடாது, தோளுக்கு மேல் எடை தூக்கக் கூடாது" என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பில்லிங்குக்கோ ரவிக்கைத் துணிப் பிரிவுக்கோ மாற்றச் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் செய்யலாம். புதுச்சேரியில் சம்பளம் கூட என்று கடை மாறும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லாது. தினமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய்வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகளும் படுக்கை பயமும்

மூட்டுத் தளர்வினால் மட்டும் கைகால் முடங்கிப் படுக்கையில் விழுவது வழக்கமில்லை. முடக்குவாதம் போல இது மூட்டைத் தின்று கோணலாக்குவதில்லை. வயது ஏற ஏறப் பலருக்கு மூட்டுகள் கொஞ்சம் இறுகவும் செய்யும். ஆனால் இவை வந்தால் காத்திருக்கக் கூடாது: கையோ காலோ மரத்து வலுவிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைவது, கழன்ற தோள் திரும்ப உட்காராமல் நிற்பது, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற திடீர் வலி.

மகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். தளர்வு குடும்பத்தில் வருவது உண்மை. ஆனால் எட்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் வளையும்; அதனால்தான் பருவமடையாத பிள்ளைகளுக்கு ஆறு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால்தான் கணக்கில் எடுப்போம். வலியில்லாமல் ஓடி விளையாடுகிறாள் என்றால் அவளுக்கு நோயில்லை. யோகா வகுப்பில் சேர்க்கலாம், போட்டிக்கு வளைத்துத் தயார் செய்யும் வகுப்பு மட்டும் வேண்டாம். நீச்சலும் சைக்கிளும் இன்னும் நல்லவை. விருந்தாளி வந்தால், "கட்டைவிரலை மடக்கிக் காட்டு பாப்பா" என்று வேடிக்கை காட்டச் சொல்வதை நிறுத்துங்கள். உங்கள் வலியைப் பார்த்து அவளும் பயந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் தொடங்கலாம். மூட்டு நோய் நிபுணர் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரின் கிளினிக்கல் இம்யூனாலஜி பிரிவு இருக்கிறது. மறுவாழ்வு மருத்துவப் பிரிவும் அங்கேயே உண்டு. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். போகும்போது ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மூட்டு, எப்போதிலிருந்து, எத்தனை முறை நழுவியது, என்னென்ன மாத்திரை. காலி அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்குப் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், அதன் தேய்மானத்தைப் பார்த்தாலே நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்று பாதி தெரிந்துவிடும். முடிந்தால் கணவரையும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் உங்கள் மூட்டுகளை மடக்கிப் பார்ப்பதை அவரும் பார்க்கட்டும்.